மூன்றில் ஒரு பங்கு

பூங்கா என்றால் பூவும் காவும் சேர்ந்த இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கா என்றால் சோலை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் நான் பார்த்த பூங்காவில் பூவும் இல்லை, காவும் இல்லை. 'பூங்கா' என்று எழுதிய ஒரு சிமெண்டுக் கல் மட்டும் இருந்தது. அதுவும் சாய்ந்திருந்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு கலியாணத்துக்காக அந்தப் பக்கம் போனவன், பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். வல்லக்கோட்டைச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, ஒரு காலத்தில் நெல் விளைந்த பூமியில் மனை போட்டு விற்ற நகர் ஒன்றில் வீடு கட்டிக்கொண்டு குடியிருக்கிறார். குடியிருப்போர் சங்கத்துக்கும் அவரே செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியரை இந்த நாட்டில் யார் சும்மா இருக்க விடுகிறார்கள்?

மனை விற்றவர்கள் அச்சடித்துக் கொடுத்த வர்ணப் படத்தை அவர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். படத்தின் நடுவே பச்சையாக ஒரு சதுரம். அதில் குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள். கிழவர் ஒருவர் பத்திரிகை படிக்கிறார். படத்தை மடித்து வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து காட்டினார். அதே சதுரம் எதிரே கிடந்தது. சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. வீடு கட்டியவர்கள் கொட்டிய இடிபாடுகள், கிழிந்த சிமெண்டு மூட்டைகள், மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், உடைந்த பாட்டில்கள். ஊஞ்சல் ஆடியவை கொசுக்கள்தாம்.

இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தில் தொழிற்சாலைப் பஸ் பெரிய சாலையில் வந்து நிற்கிறது. பெண்கள் இறங்குகிறார்கள். இருபது, இருபத்திரண்டு வயசு. செய்யாறு, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண்கள். ஒடிசாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்கள். அந்தக் கருவேலங்காட்டின் ஓரமாக நடந்தால் அவர்கள் அறைக்கு ஐந்து நிமிஷம். அந்த வழியாக ஒருத்தியும் போவதில்லை. மூன்று தெருவைச் சுற்றிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு, கூட்டமாகப் போகிறார்கள்.

தலைமையாசிரியர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் ஒருத்தியிடம், "பாம்புக்குப் பயந்தா அம்மா?" என்று கேட்டேன்.

"பாம்புக்கு என்ன சார் பயம்? அது பாட்டுக்கு அது போயிடும். அங்க உக்காந்து குடிக்கிறாங்களே, அவங்க பாட்டில் போட்டு உடைக்கிற சத்தம் கேட்டாத்தான் சார் கால் ஓடாது" என்றாள்.

இந்த இடத்தைச் சீர்ப்படுத்த வழியே இல்லையா என்று கேட்டேன். தலைமையாசிரியர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். வழி இருக்கிறது. நம் நாட்டில் எதற்குத்தான் வழி இல்லை? இந்தக் கட்டுரை அந்த வழியைப் பற்றியதுதான்.

1997-98-ல் தி.மு.க. ஆட்சியில் 'நமக்கு நாமே' என்று ஒரு திட்டம் வந்தது. ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஜனங்கள் ஒரு பங்கு பணம் போட்டால் மிச்சத்தைச் சர்க்கார் போடும். 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி வந்தபோது அதற்குத் 'தன்னிறைவுத் திட்டம்' என்று பெயர் மாறிற்று. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியது. பழைய பெயர் திரும்பி வந்தது. பெயர்தான் இப்படி உடை மாற்றிக்கொண்டதே தவிர, தத்துவம் மாறவில்லை. 2021-ல் வந்த விதிப்படி, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது ஜனங்கள் கட்ட வேண்டும். கிராமப்புறத்தில் ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் பெரும்பாலாக வாழும் இடங்களுக்கு மட்டும் ஐந்தில் ஒரு பங்கு.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! தன் கையைக் கொண்டு கர்ணம் போடச் சொல்லுகிறார்கள். அதில் என்ன தப்பு? ஜனங்கள் சொந்தப் பணத்தைப் போட்டால்தான் அக்கறை வரும், இனாமாக வந்த சொத்தை யார் மதிக்கிறார்கள் என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். அந்தக் கோப்பைப் படித்த பிறகு சொல்ல மாட்டேன்.

பூங்காவுக்கு மதிப்பீடு ஒன்பது லட்ச ரூபாய். நகரத்தாரின் பங்கு மூன்று லட்சம். தலைமையாசிரியர் வீடு வீடாகப் போனார். வீட்டுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அங்கே குடியிருக்கவில்லை. மாடிக்கு மாடி அறை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் இருக்கிறார்கள். "சார், நான் அங்கே வந்தா உட்காரப் போறேன்?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டாராம். கேள்வி நியாயமானதுதான். காலி மனையாகவே வாங்கிப் போட்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களோ தொலைபேசியையே எடுக்கவில்லை. குடியிருக்கிறவர்கள் யார்? ஓர் அறைக்கு ஐந்தாறு பேராக இருக்கும் தொழிலாளிப் பிள்ளைகள். வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதை ஊருக்கு அனுப்புகிறவர்கள். அவர்களிடம் போய் அடுத்த வருஷம் முளைக்கப் போகிற புல்லுக்கு இந்த வருஷம் பணம் கேட்க அந்த வாத்தியாருக்கு மனசு வரவில்லை. கோப்பு அப்படியே நிற்கிறது.

அங்கிருந்து சற்று தூரத்தில் இன்னொரு குடியிருப்பு. சுற்றுச் சுவர், வாசலில் காவல்காரர். அங்கே ஒரே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பணம் சேர்ந்துவிட்டதாம். சர்க்காரின் இரண்டு பங்கும் வந்து சேர்ந்தது. புல்தரை, நடைபாதை, விளக்கு எல்லாம் அழகாக இருக்கின்றன. கேட்டில் ஒரு பலகை: 'குடியிருப்போர் தவிர மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது.'

இந்த இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதுப் பணத்தில் இரண்டு பங்கு, ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு கையில் வைத்திருந்தவர்களைத் தேடிப் போயிற்று. கையில் இல்லாதவர்களுக்குக் கருவேலம். இருப்பவனுக்கு இரட்டிப்பாகக் கொடுத்து, இல்லாதவனிடம் 'உனக்கு அக்கறை போதாது' என்று சொல்லுகிற திட்டத்துக்கு 'நமக்கு நாமே' என்று பெயர். அந்த 'நாம்' யார் ஐயா? அந்தச் சொல்லுக்குள் இரவு பதினொரு மணிக்குப் பஸ்ஸை விட்டு இறங்குகிற பெண் இருக்கிறாளா?

இல்லை. இந்தச் சாலை ஓரத்து ஊர்களில் எதிலுமே அவள் இல்லை. கிராம சபைக் கூட்டத்தில் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்கள்தாம் உறுப்பினர்கள். அவளுடைய பேர் வந்தவாசிப் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. சங்கத்தில் சேர வேண்டுமானால் வீடோ மனையோ சொந்தமாக இருக்க வேண்டும். ஆக, அந்த இடத்தால் தினந்தோறும் அவதிப்படுகிறவளுக்கு அதைப் பற்றிப் பேச வாய் இல்லை. அந்த இடத்தை வருஷத்துக்கு ஒரு முறைகூடப் பார்க்காதவருக்கு வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

"வந்து போகிறவர்களுக்கு ஊரின் பேரில் என்ன பற்று இருக்கும்?" என்று கேட்கிறார்கள். என் காதாலேயே கேட்டேன். வந்து போகிறவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். நோக்கியா ஸ்ரீபெரும்புதூருக்கு 2006-ல் வந்தது. 2014 நவம்பரில் மூடிக்கொண்டு போயிற்று. எட்டு வருஷம். அதற்கு நிலமும் சாலையும் மின்சாரமும் கொடுத்தபோது, 'நீ நிலையாக இருப்பாயா, உனக்கு ஊர்ப்பற்று உண்டா' என்று யாரும் கேட்கவில்லை. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து இன்றுவரை, தொழிற்சாலை வர வேண்டும் என்றால் அதற்கு வேண்டியதைச் சர்க்கார் முன்னால் நின்று செய்து கொடுக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை. தொழில் வந்ததால் எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. ஆனால் இயந்திரத்துக்கு இடம் கொடுக்கும்போது கேட்காத பங்குத் தொகையை, அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கிற மனுஷிக்குப் பத்தடிப் புல்தரை கொடுக்கும்போது மட்டும் கேட்பானேன்?

அவளுக்கு எதுவும் கொடுத்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகித் தோழிகள் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள் என்று நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கட்டில்களுக்கு மூன்றில் ஒரு பங்கை முதலில் கட்டிவிட்டு வாருங்கள் என்று எந்த அதிகாரியும் அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாமே சிரித்திருப்போம். கட்டிலுக்குச் சிரிக்கத் தெரிந்த நமக்குப் பூங்காவுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. அந்த விடுதிக்குள் இடம் கிடைக்காமல் நகர்களிலும் காலனிகளிலும் வாடகை அறையில் இருக்கிற பெண்களோ நம் கண்ணிலேயே படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பச்சைச் சதுரம் யாருடைய தர்மமும் அல்ல. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரிப்பவர்கள், சாலை போக மிச்ச நிலத்தில் நூற்றுக்குப் பத்து பங்கைப் பொதுவுக்கு ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பத்திரத்தில் தானம் என்று இருக்கிறதே தவிர, மனை விற்றவர் அந்தப் பத்து பங்கின் விலையை மற்றத் தொண்ணூறு பங்கின் பேரில் ஏற்றித்தான் விற்றிருப்பார். மனை வாங்கியவர் அதை வீட்டு வாடகையில் ஏற்றினார். ஆக, அந்த நிலத்துக்கு விலை கொடுத்தவர்களில் மாடி அறைப் பெண்ணும் ஒருத்தி. ஒரு முறை விலை கொடுத்த சொத்தைக் கண்ணால் பார்க்க இன்னொரு முறை பங்கு கட்டு என்கிறார்கள்.

ஜனங்கள் கை கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி அல்ல. குடிமராமத்து என்ற சொல்லைப் பெற்ற நாடு இது. காஞ்சிபுரம் சீமை ஏரிகளின் சீமை. இன்று தொழிற்பேட்டைகள் நிற்கிற இந்தப் பூமியில் ஏரிக்கரையை உயர்த்தவும் வாய்க்கால் தூர் வாரவும் ஊரார் கூடினார்கள். அவர்கள் கொடுத்தது மண்வெட்டியும் நேரமும். ஏரித் தண்ணீர் யாருக்குப் பாய்ந்ததோ அவர்கள் வேலைக்கு வந்தார்கள். வராதவர்களிடம் கூலியின் மதிப்பைப் போல் இரண்டு மடங்கை வசூலிக்க 1858-ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டமே போட்டான். 2017-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, பாசனக்காரர்கள் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், அதையும் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம் என்று வைத்தது. அருமையான ஏற்பாடு! ஏரிக்குப் பொருந்திய நியாயம் பூங்காவுக்கு ஏன் பொருந்தாது? வயல் உள்ளவனிடம் பத்தில் ஒரு பங்குக்கு உழைப்பை வாங்கிக்கொள்கிற கை, வாடகை அறையில் இருப்பவளிடம் மூன்றில் ஒரு பங்கு ரொக்கத்துக்கு நீளுவது எந்த ஊர் தர்மம்?

அமெரிக்காவில் பிலடெல்பியா என்ற நகரம். தொழிற்சாலைகள் மூடிப் போனதால் பாழாய்ப் போன மனைகள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. நகராட்சியின் பணத்தில் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று அவற்றைச் சுத்தம் செய்கிறது. குப்பையை அள்ளி, புல் விதைத்து, நாலைந்து மரம் நட்டு, ஆள் நுழைய வழி விட்டு ஒரு தாழ்ந்த மர வேலி. அவ்வளவுதான். அதோடு விடாமல் மாதந்தோறும் போய்ப் புல் வெட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் 541 மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்துச் சிலவற்றைச் சீர்ப்படுத்தியும் சிலவற்றை அப்படியே விட்டும் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. ஏழைகள் வாழும் பேட்டைகளில், சீர்ப்படுத்திய மனைகளைச் சுற்றித் துப்பாக்கிக் குற்றங்கள் நூற்றுக்கு 29 பங்கு குறைந்திருந்தன. பக்கத்தில் வாழ்பவர்களில் மனச்சோர்வாக இருக்கிறது என்று சொன்னவர்களின் தொகையும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இறங்கியிருந்தது. அதிகமாகப் பலன் கண்டது ஏழைப் பேட்டைதான் என்பதைக் கவனியுங்கள். அங்கே முதலில் மூன்றில் ஒரு பங்கு கேட்டிருந்தால் எந்த இடத்தில் பலன் அதிகமோ அந்த இடத்தில் வேலையே தொடங்கியிராது. நம் ஊரில் துப்பாக்கி இல்லை; பாட்டில் இருக்கிறது. அச்சம் ஒன்றுதான்.

அப்படியானால் பணம் யார் தருவது? கேட்க வேண்டிய கேள்விதான். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, லாபம் சம்பாதிக்கும் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடத்துகிற வட்டாரத்துக்கு முதலிடம் கொடு என்றும் அதே பிரிவு சொல்லுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனிப் பலகைகள்! அவர்கள் ஒன்றுமே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், கிராமத்துக்குக் குடிநீர் என்று செய்கிறவர்கள் உண்டு. ஆனால் தங்களுக்கு வேலை செய்கிறவள் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு எந்த வழியாக அறைக்குப் போகிறாள் என்ற கேள்வி அந்தக் கணக்கில் வர வேண்டும். தொழிலாளிகள் கூட்டமாக வாடகைக்கு இருக்கிற ஒவ்வொரு நகரின் மூன்றில் ஒரு பங்கையும் அந்தக் கம்பெனிகள் ஏற்கட்டும். தனித்தனியாகப் பெயர்ப் பலகை நட்டுத் திறப்பு விழா நடத்தாமல், ஜில்லா முழுவதுக்கும் ஒரே பொது நிதியாகச் சேர்க்கட்டும்.

விலை ஏறக் காத்திருக்கும் தனியார் மனைக்காரர்களும் தப்பிக்கக் கூடாது. நகராட்சிகளில் காலிமனை வரி என்று ஒன்று உண்டு. மனையைக் காடாக விட்டவரிடம் அதைச் சுத்தம் செய்யும் கூலியையும் சேர்த்து வசூலிக்க என்ன தயக்கம்? கருவேலம் வளர்த்ததற்குக் கூலியாக அவருக்கு நிலத்தின் விலை ஏறுகிறது. கொசுக்கடி மட்டும் அடுத்த வீட்டுக்கு.

இதோடு இரண்டு காரியம் சேர வேண்டும். ஒன்று, மானியம் கொடுக்கும்போதே ஐந்து வருஷப் பராமரிப்புக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் செத்துப் போன செடிகளையும் துருப்பிடித்த ஊஞ்சல்களையும் நாம் எல்லோரும் நம் ஊரில் பார்த்திருக்கிறோம். மற்றொன்று, பூங்காவுக்கென்று அமைக்கிற குழுவில் வாடகைக்காரர்களுக்குப் பாதி இடம். விளக்குக் கம்பம் எங்கே வர வேண்டும் என்று அந்தப் பெண்களைக் கேளுங்கள். பகலில் படம் வரைகிற பொறியாளருக்குத் தெரியாதது இரவில் நடக்கிறவளுக்குத் தெரியும். சர்க்கார் பணம் போட்ட பூங்காவின் கேட்டில் 'மற்றவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று பலகை வைத்தால் அந்தப் பணத்தைத் திருப்பி வாங்குங்கள்.

இவை எல்லாம் கனவு என்று சிலர் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூர் ராமாநுஜர் பிறந்த ஊர். ரகசியமாகச் சொல்லிய மந்திரத்தை எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஆயிரம் வருஷமாகக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊரைச் சுற்றி ஒரு காணி நிலத்தின் கேட்டைத் திறந்து வை என்று கேட்பதுகூடவா கனவு?

நான் ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துத் தலைமையாசிரியரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாளில், மாடிப் பெண்ணும் அவள் தோழிகள் ஏழு பேருமாக அரிவாளும் வெட்டுக்கத்தியும் இரவல் வாங்கிக்கொண்டு போய், அந்தக் கருவேலங்காட்டின் ஓரத்தில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு வெட்டித் திறந்துவிட்டார்களாம். முள் கிழித்த கையோடு மறுநாள் வேலைக்குப் போனார்களாம்.

"இதைப் பொதுமக்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்" என்றார் அவர்.

"என்ன சொன்னார்கள்?"

"படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்."

எட்டுப் பெண்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்திருக்கிறார்கள். வேறு கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? இனி சர்க்கார் தன் பங்கைக் கொண்டுவரட்டும். கம்பெனிகள் தங்கள் பங்கைக் கொண்டுவரட்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை. அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் போடுங்கள்.